குழந்தை முருகன் முதல் சசி வரை: நடிகை ஸ்ரீதேவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் மாதம் ஒரு பழைய படத்தைத் திரையிட்டு, அதன்பின் தேநீரோடு உட்கார்ந்து பேசும் சிறிய வட்டம் ஒன்று உண்டு. ஸ்ரீதேவி நடித்த படம் என்றால் மட்டும் தேநீர் ஆறிப்போகும் வரை கேள்விகள் தொடரும். ஆண்டுகள் பல கடந்தும் அவை பெரும்பாலும் அதே கேள்விகளாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஸ்ரீதேவி தமிழ்ப் பெண்ணா, தெலுங்கா, இல்லை பம்பாய்க்காரரா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

அவர் 1963 ஆகஸ்ட் 13 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள மீனம்பட்டியில் பிறந்தவர். இன்று அது விருதுநகர் மாவட்டம். அவர் பிறந்தபோது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. தந்தை ஐயப்பன் வழக்கறிஞர். தாய் ராஜேஸ்வரி தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே தமிழும் தெலுங்கும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்த மொழிகள். பம்பாய் அவர் பின்னாளில் குடியேறிய ஊர்.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது எனக்குப் புரிகிறது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு படம் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு அவர் இந்தி நடிகையாகவே அறிமுகமானார். அதற்கு முன்பே அவர் தமிழில் பெரிய கதாநாயகியாக ஒரு முழுச் சுற்றை முடித்துவிட்டார் என்பதை அவர்கள் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

முதல் படம் "கந்தன் கருணை" என்று ஒருவர் சொல்கிறார், "துணைவன்" என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

1967இல் வெளிவந்த "கந்தன் கருணை" சில பட்டியல்களில் முதல் படமாகக் காணப்படுகிறது. ஆனால் அவர் யார் என்று கண்ணுக்குத் தெரியும்படி, பெயர் சொல்லி அறிமுகமான படம் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் தயாரித்து எம்.ஏ. திருமுகம் இயக்கிய "துணைவன்" (1969). அதில் அவர் குழந்தை முருகனாக வருகிறார். கே.பி. சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது இந்தப் படத்துக்காகத்தான். நான் யாருக்குச் சொன்னாலும் "துணைவன்" என்றே சொல்வேன்.

பெண் குழந்தையை ஏன் முருகனாக நடிக்க வைத்தார்கள்?

பக்திப் படங்களில் இது வழக்கந்தான். ஐந்தாறு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் முகத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியாது. திருநீறு, குண்டலம், மார்பில் மணிமாலை, கையில் வேல் என்று ஒப்பனை முடிந்த பிறகு சுத்தமாகத் தெரியாது. தேவருக்கு வேண்டியது ஒளி படர்ந்த ஒரு முகம், அது கண் சிமிட்டாமல் எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பார்வை ஸ்ரீதேவியிடம் இருந்தது.

"துணைவன்" படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை நடிகர்கள் பெரும்பாலும் வசனத்தை ஒப்பித்துவிட்டு, அடுத்தது என்ன என்று படப்பிடிப்புக் கருவிக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பார்கள். இந்தக் குழந்தை அப்படிப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் வரை அவர் முகத்திலேயே பார்வையை நிறுத்தியிருக்கிறது. எதிராளி பேசுவதைக் கேட்பதும் நடிப்புதான் என்பதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம், தானாகவும் வந்திருக்கலாம். ஆனால் கடைசிப் படம் வரைக்கும் அவரிடம் நின்ற குணம் அது.

அதே வேடம் மறுபடியும் வந்தது: 1971இல் வெளியான "ஆதி பராசக்தி"யிலும் அவர் முருகன்தான்.

குழந்தையாக இருந்தபோதே மற்ற மொழிகளிலும் நடித்தாரா?

நடித்தார், அதுவும் தமிழுக்கு இணையாகவே. தமிழில் எம்.ஜி.ஆரின் "நம் நாடு" (1969), சிவாஜி கை ரிக்‌ஷா இழுப்பவராக நடித்த "பாபு" (1971) ஆகியவை நினைவில் நிற்பவை. மலையாளத்தில் "பூம்பாட்டா" (1971) அவருக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றுத் தந்தது. தெலுங்கில் "படி பந்துலு" (1972) படத்தில் என்.டி. ராமராவின் பேத்தியாக வருகிறார். இந்தியில் "ஜூலி" (1975) படத்தில் கதாநாயகி லட்சுமியின் தங்கை.

"பேபி ஸ்ரீதேவி" என்ற பெயர் நான்கு மொழிப் படங்களின் எழுத்துப் பட்டியலில் வந்துகொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வேறொரு கேள்விக்கு இது தேவைப்படும்.

பள்ளிக்கூடம் போனாரா, இல்லையா?

முறையான பள்ளி வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் ஆசிரியரை வைத்துக் கொஞ்ச காலம் பாடம் படித்ததும், பிறகு அதுவும் தொடராமல் போனதும் அவர் பேட்டிகளில் சொன்னவை. பள்ளி, கல்லூரி நாட்களை இழந்தது பற்றி வருத்தத்தோடு பேசுவார். ஆனால் அதற்காக யாரையும் குறை சொல்லிக் கேட்டதில்லை. வேறொரு வாழ்க்கையைத் தெரிந்திருந்தால்தானே குறை சொல்லத் தோன்றும் என்று எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

"மூன்று முடிச்சு" படத்தில் அவருக்கு உண்மையிலேயே 13 வயதுதானா? நம்ப முடியவில்லையே!

கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிறந்தது 1963 ஆகஸ்ட், கே. பாலசந்தர் இயக்கிய "மூன்று முடிச்சு" வெளியானது 1976 அக்டோபர். ஆகவே படம் திரைக்கு வந்தபோது 13 முடிந்து இரண்டு மாதம். படப்பிடிப்பில் அதற்கும் குறைவு.

கதை இன்னும் வியப்பானது. செல்வி என்ற அந்தப் பெண்ணைக் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் விரும்புகிறார்கள். அவள் விரும்புவது கமலை. படகில் போகும்போது கமல் தண்ணீரில் விழுகிறார். துடுப்பு ரஜினியின் கையில் இருக்கிறது. காப்பாற்றும்படி அவள் கதறுகிறாள். அவர் நீந்தத் தெரியாதவரைப்போல் அசையாமல் இருக்கிறார். பிறகு அதே ரஜினியின் தந்தையை மணந்துகொண்டு, அவருக்குச் சிற்றன்னையாக அந்த வீட்டுக்குள் செல்வி வருகிறாள். ரஜினிக்கு அப்போது 25 வயது. அவரை "மகனே" என்று அதிகாரத்தோடு விளிக்க வேண்டிய நடிகைக்கு 13.

நம்ப முடியாமல் போவதற்குப் புடவை ஒரு காரணம், பாலசந்தரின் கட்டுப்பாடு இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்றையும் சொல்வேன்: ஏழெட்டு ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்த ஒரு சிறுமிக்குப் பெரியவர்களின் நடை, கையை மடித்து நிற்கும் விதம், பேசாமல் முறைக்கும் விதம் எல்லாம் கண்ணால் பார்த்தே பழகியவை.

அந்த வயதில் கதாநாயகியாக நடிக்க வைத்தது சட்டப்படி சரியா?

திரைப்படத்தில் நடிக்கும் குழந்தைக்கென்று தனியான விதிகள் அன்று இல்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல்தான் வந்தது. அதன் 2016 திருத்தமும் 2017 விதிகளுமே கலைத்துறைக் குழந்தைகளைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. இப்போது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது; ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்; படிப்பு தடைப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

இந்த விதிகளை 1969 முதல் 1976 வரையான அவருடைய படப் பட்டியலோடு ஒப்பிட்டால், பட்டியலில் பாதி நின்றுபோயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படி நின்றிருந்தால் நமக்குக் கிடைத்த ஸ்ரீதேவி கிடைத்திருக்க மாட்டார் என்று வாதிடுபவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், அந்த விதிகள் வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது.

"16 வயதினிலே" மயிலுக்கு 16 வயது. நடித்தவருக்கு?

படம் 1977 செப்டம்பரில் வெளியானபோது அவருக்கு 14 வயது. பாரதிராஜாவின் முதல் படம். சப்பாணியாகக் கமல், பரட்டையாக ரஜினி, இசை இளையராஜா. ஆசிரியை ஆக வேண்டும், நகரத்து ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கனவு காணும் கிராமத்துப் பெண், ஏமாற்றப்பட்டு, ஊரின் பேச்சைத் தாங்கி, கடைசியில் ரயில் நிலையத்தில் காத்திருப்பவளாக முடிகிறாள். அந்தப் பாத்திரத்தின் முதல் பாதியை ஒரு சிறுமி இயல்பாக நடித்துவிட முடியும். இரண்டாம் பாதியில் மயில் வாய் திறந்து பேசுவது குறைந்து, கண்ணும் தாடையும் மட்டுமே வேலை செய்யும் இடங்கள்தான் ஆச்சரியமானவை.

குழந்தை நட்சத்திரங்கள் பெரும்பாலும் வளர்ந்ததும் காணாமல் போகிறார்கள். இவர் மட்டும் எப்படித் தப்பினார்?

"இவர் மட்டும்" என்பது சரியில்லை. அவரோடு அதிகம் நடித்த கமல்ஹாசனே "களத்தூர் கண்ணம்மா"வில் (1960) குழந்தையாக வந்தவர். மீனா, ஷாலினி எல்லோரும் கண்முன்னே இருக்கிறார்கள். ஆனால் கேள்வியில் நியாயம் உண்டு. தப்பாதவர்களின் எண்ணிக்கைதான் அதிகம்.

பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. குழந்தை என்று கொஞ்சவும் முடியாது, பெரியவர் வேடமும் பொருந்தாது. பட நிறுவனங்கள் கூப்பிடுவதை நிறுத்துகின்றன, ரசிகர்கள் மறக்கிறார்கள். ஷாலினி மலையாளத்தில் குழந்தையாகப் புகழின் உச்சத்தில் இருந்து, பிறகு ஒதுங்கி, 1997இல் கதாநாயகியாகத் திரும்பிவந்தார். மீனா "அன்புள்ள ரஜினிகாந்த்" (1984) படத்தில் சிறுமி. "எஜமான்" (1993) படத்தில் அதே ரஜினிக்கு மனைவி. ஸ்ரீதேவிக்கு அந்தப் பள்ளம் ஏறத்தாழ இல்லவே இல்லை. நான்கு மொழிகள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் காரணம். ஒரு மொழியில் வேடம் இல்லாதபோது இன்னொன்றில் தங்கையாக, தோழியாகத் தளத்திலேயே இருந்துகொண்டிருந்தார். பள்ளம் வரும் முன்பே பாலசந்தர் அவருக்குப் புடவை கட்டிவிட்டார்.

இதற்கான விலை என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பள்ளம் பள்ளி, தோழிகள், சும்மா இருக்கும் மதியங்கள் என்று ஏதோ ஒன்றால் நிரம்புகிறது. இவருக்கு அந்த ஆண்டுகளும் படங்களாகவே இருக்கின்றன.

என்.டி.ஆருக்குப் பேத்தியாக நடித்துவிட்டு அவருக்கே ஜோடியாக நடித்தாராமே, உண்மையா?

உண்மைதான். "படி பந்துலு" 1972, "வேட்டகாடு" 1979. இரண்டுக்கும் இடையே ஏழே ஆண்டுகள். இரண்டாவது படம் வந்தபோது என்.டி.ஆருக்கு 56 வயது. இவருக்கு இன்னும் 16 நிறையவில்லை. படம் பெரிய வெற்றி பெற்றது, தொடர்ந்து இருவரும் பல படங்களில் ஜோடி சேர்ந்தார்கள், அக்காலத்து ரசிகர்கள் இதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. இன்று பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"மூன்றாம் பிறை"யில் அப்படி என்னதான் பெரிதாகச் செய்துவிட்டார்? குழந்தை மாதிரி மழலை பேசுவது சுலபந்தானே?

இந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். பாலு மகேந்திரா இயக்கிய அந்தப் படம் 1982 பிப்ரவரியில் வந்தது. விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவு பின்னோக்கிப் போய், மனத்தால் சிறு குழந்தையாகிவிட்ட இளம்பெண்ணை, அவள் தள்ளப்பட்ட விலைமாதர் இல்லத்திலிருந்து மீட்டு, ஊட்டிப் பக்கம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியர் சீனு (கமல்). படத்தில் அவளை அழைக்கும் பெயர் விஜி. ஸ்ரீதேவிக்கு அப்போது 18 வயது. மேலே சொன்னவற்றோடு பொருத்திப் பாருங்கள்: 13 வயதில் பெரியவளாக நடித்தவர், 18 வயதில் குழந்தையாக நடிக்கிறார். தான் குழந்தையாக இருந்த காலத்தில் இருக்கக் கிடைக்காத குழந்தைத்தனத்தை.

மழலை சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலும் சில இடங்களில் அவர் அளவு மீறுகிறார் என்றுகூடச் சொல்வேன். ஆனால் குரலை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். சுப்பிரமணி என்ற நாய்க்குட்டியைத் தூக்கும் விதத்தில், முழங்காலைப் பரப்பித் தரையில் உட்காரும் விதத்தில், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிய பிறகு, சீனு பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் சோதிக்கும் விதத்தில் வளர்ந்த பெண்ணின் உடல்நாணம் எங்கும் தலைகாட்டுவதில்லை. சீனுவின் மனம் தடுமாறும் இடங்களில்கூட அவளுக்கு அது தெரியாது என்பதை நாம் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அந்தப் படமே விகாரமாகிவிடும். அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிப்பது அவருடைய உடல்மொழிதான்.

பிறகு கேத்தி ரயில் நிலையம். நினைவு திரும்பியவளாக அவள் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழையில், அவளைச் சிரிக்க வைக்க முன்பு ஆடிக்காட்டிய குரங்காட்டத்தைப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார் சீனு. எல்லோரும் கமலைப் பார்க்கிறார்கள், சரிதான். ஆனால் சன்னலுக்குள் இருக்கும் முகத்தை ஒருமுறை பாருங்கள். வெறுப்பில்லை, பயமில்லை, பிச்சைக்காரன் ஒருவனைப் பார்க்கும் இரக்கம், அதற்கும் மேல் எதுவுமில்லை. இரண்டு மணி நேரமாக நாம் பழகிய விஜியின் சுவடு ஒன்றுகூட அந்த முகத்தில் மிச்சம் இல்லை. அதைத் துடைத்து வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

அந்தப் படத்துக்குக் கமலுக்குத் தேசிய விருது. இவருக்கு ஏன் இல்லை?

கமலுக்குச் சிறந்த நடிகர் விருதும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான விருதும் கிடைத்தன. அவ்வாண்டு சிறந்த நடிகைக்கான தேசிய விருது "அர்த்" என்ற இந்திப் படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குச் சென்றது. அதுவும் தகுதியான நடிப்பே. ஸ்ரீதேவிக்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. தேசிய விருது 2018இல் "மாம்" படத்துக்காக வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. கணவரும் மகள்களும் பெற்றுக்கொண்டார்கள். பத்மஸ்ரீ 2013இல் கிடைத்தது.

இந்திக்கு எப்போது, எப்படிப் போனார்?

முதல் முயற்சி தோல்வி. "16 வயதினிலே" படத்தைப் பாரதிராஜாவே இந்தியில் "சோல்வா சாவன்" என்று எடுத்தார், ஸ்ரீதேவிதான் கதாநாயகி, ஓடவில்லை. அதே கதையைத் தெலுங்கில் "பதஹாரேள்ள வயசு" (1978) என்று எடுத்தவர் கே. ராகவேந்திர ராவ், அதிலும் ஸ்ரீதேவியே. அந்த இயக்குநர் 1983இல் ஜிதேந்திராவை வைத்து "ஹிம்மத்வாலா" என்ற இந்திப் படத்தை எடுத்தபோது இவரை அழைத்துச் சென்றார். அது பெரும் வெற்றி. அதே 1983இல் "மூன்றாம் பிறை"யின் இந்தி வடிவமான "சத்மா"வும் வந்தது. அன்று அது வசூலில் தேறவில்லை, பின்னாளில்தான் மதிக்கப்பட்டது.

அதன்பின் "நாகினா" (1986), "மிஸ்டர் இந்தியா" (1987), "சாந்தினி" (1989), இரட்டை வேடத்தில் "சால்பாஸ்" (1989), தாயும் மகளுமாக "லம்ஹே" (1991) என்று அவருடைய உச்சக்காலம். சால்பாஸ், லம்ஹே இரண்டுக்கும் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். இவற்றில் "மிஸ்டர் இந்தியா"வில் சாப்ளின் வேடமிட்டுச் சூதாட்ட விடுதிக்குள் நுழையும் நகைச்சுவைக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

இந்தி தெரியாமலேயே நடித்தாராமே? பேசியது யார்?

தொடக்க கால இந்திப் படங்கள் பலவற்றில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நாஸ். 1950களில் "பேபி நாஸ்" என்று இந்தியாவே கொண்டாடிய குழந்தை நட்சத்திரம் அவர். வளர்ந்த பிறகு கதாநாயகியாக நிலைபெறாமல், சிறு வேடங்களுக்கும் குரல் கொடுக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தவர். குழந்தை நட்சத்திரமாக இருந்து கரையேறிய ஒருவரின் வாயில், கரையேறாத இன்னொருவரின் குரல். இதை முதன்முதலில் அறிந்தபோது அந்தப் பழைய இந்திப் படங்களை மறுபடியும் போட்டுக் கேட்டேன். முன்பு கேட்டதுபோல் இல்லை.

கே. பாக்யராஜ் இந்தியில் இயக்கிய "ஆக்ரி ராஸ்தா"வில் (1986) குரல் நடிகை ரேகாவுடையது. "சாந்தினி"யில் சொந்தக் குரலிலேயே பேசினார். அதில் ஒரு பாட்டில் பாடியும் இருக்கிறார்.

தமிழை ஏன் அப்படியே விட்டுவிட்டார்?

விட்டுவிட்டார் என்பதைவிட, இந்தியில் கிடைத்த வேடங்களும் ஊதியமும் நேரத்தை முழுவதும் எடுத்துக்கொண்டன என்பதே பொருத்தம். ரஜினியோடு நடித்த "நான் அடிமை இல்லை" (1986) தமிழில் அந்தச் சுற்றின் கடைசிப் படம். 29 ஆண்டுகள் கழித்து "புலி" (2015) படத்தில் விஜய்க்கு எதிராக அரசி யவனராணியாக வந்தார். அது அவருடைய நடிப்புக்குத் தீனி போட்ட படம் இல்லை. இடையில் "இங்கிலீஷ் விங்கிலீஷ்" (2012) தமிழிலும் வெளியானது; இந்தியில் அமிதாப் பச்சன் செய்த சிறு வேடத்தைத் தமிழில் அஜித் செய்தார்.

தெலுங்கிலாவது தொடர்ந்தாரா?

தொடர்ந்தார். சிரஞ்சீவியுடன் "ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி" (1990), ராம்கோபால் வர்மாவின் "க்ஷண க்ஷணம்" (1991) இரண்டும் அவர் இந்தியில் உச்சத்தில் இருந்தபோது வந்தவை. இரண்டாவதற்கு ஆந்திர அரசின் நந்தி விருது பெற்றார்.

விஜயகுமார் – மஞ்சுளா மகள் ஸ்ரீதேவியும் இவரும் ஒருவர்தானா?

இல்லை. அவர் வேறொருவர். அவரும் "ரிக்‌ஷா மாமா" (1992) படத்தில் குழந்தையாக வந்து, 2000களில் கதாநாயகியானவர் என்பதால் குழப்பம் வருகிறது.

திருமணத்துக்குப் பிறகு 15 ஆண்டுகள் என்ன செய்தார்?

1996இல் தயாரிப்பாளர் போனி கபூரை மணந்தார். மூத்த மகள் ஜான்வி 1997இலும் இளையவர் குஷி 2000இலும் பிறந்தனர். "ஜுதாய்" (1997) படத்துக்குப் பிறகு பெரிய திரையிலிருந்து ஒதுங்கினார். நடுவில் "மாலினி ஐயர்" என்ற தொலைக்காட்சித் தொடர் மட்டும். திருமணம் பற்றியும் அதற்கு முந்தைய குடும்பம் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அது அவர்கள் வீட்டு விஷயம். இங்கே எழுதுவதாக இல்லை.

மரணத்தில் மர்மம் இருக்கிறது என்கிறார்களே?

2018 பிப்ரவரி 24 அன்று, உறவினர் திருமணத்துக்காக ஐக்கிய அரபு அமீரகம் சென்றிருந்தபோது, துபாய் விடுதி அறையின் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். வயது 54. நினைவிழந்த நிலையில் தற்செயலாக மூழ்கியதே காரணம் என்று துபாய் அரசு வழக்குத் துறை விசாரித்து வழக்கை முடித்தது. விசாரணை கேட்டு இந்திய உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட மனுவும் அதே ஆண்டு மே மாதம் தள்ளுபடியானது. மும்பையில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ஜான்வியின் முதல் படம் ஐந்தே மாதத்தில் வெளியானது. தாய் அதை முழுதாகப் பார்க்கவில்லை. தொலைக்காட்சிகள் அந்த வாரம் குளியல் தொட்டியை வரைபடம் போட்டுக் காட்டியதைத் தவிர, மர்மம் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை.

இதுவரை அவர் படம் எதையும் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

"மூன்றாம் பிறை"யில் தொடங்காதீர்கள். முதலில் மகேந்திரனின் "ஜானி" (1980). பாடகி அர்ச்சனா தன் காதலைச் சொல்கிறாள், ஜானி தயங்குகிறான், மேடையில் பாடுபவள் என்பதால் தன்னைத் தாழ்வாக நினைக்கிறானோ என்று அவள் தவறாக எடுத்துக்கொள்கிறாள். அழுகை இல்லை, உரத்த வசனம் இல்லை. காயம்பட்டதை மறைக்கப் பார்த்துத் தோற்கும் முகம் மட்டும். அப்போது அவருக்கு 17 வயதுதான் என்பதைப் படம் முடிந்த பிறகு நினைத்துப் பாருங்கள். அடுத்து "16 வயதினிலே", அதன்பின் "மூன்றாம் பிறை".

கடைசியாக கௌரி ஷிண்டேயின் "இங்கிலீஷ் விங்கிலீஷ்". லட்டு செய்து விற்கும் குடும்பத் தலைவி சசிக்கு ஆங்கிலம் வராது. வீட்டில் அதற்காகக் கேலி. நியூயார்க் காப்பிக் கடையில் கேட்கத் தெரியாமல் தடுமாறி, பின்னால் வரிசை நீள, அழுகையோடு வெளியே ஓடிவருகிறார். பிறகு யாருக்கும் சொல்லாமல் நான்கு வார ஆங்கில வகுப்பில் சேருகிறார். முதல் நாள் வகுப்பறைக்குள் நுழையும்போது, எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கி நிற்பார் பாருங்கள். பள்ளிக்கூடம் பற்றிய கேள்விக்கு மேலே நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.